மடலைத் திற, காரணத்தைப் பார்

'இந்தப் புத்தகத்தை நக்காதே' என்று ஒரு படப்புத்தகத்துக்குப் பெயர். 2017-இல் ஆஸ்திரேலியாவில் வெளிவந்தது. எழுதியவர் இடான் பென்-பராக், நுண்ணுயிரியல் படித்தவர். படம் வரைந்தவர் ஜூலியன் ஃப்ராஸ்ட். அட்டையிலேயே 'நக்காதே' என்று போட்டிருந்தால், 'ஏன், நக்கினால் என்ன ஆகும்?' என்று கேட்கத் தோன்றும் இல்லையா? அந்தக் கேள்வியிலிருந்துதான் புத்தகமே தொடங்குகிறது.

உள்ளே மின் என்றொரு நுண்ணுயிரி இருக்கிறாள். பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டி, அங்கே விரலை வைக்கச் சொல்கிறார்கள். வைத்ததும் மின் விரலில் ஏறிக்கொள்கிறாள். அதே விரலால் பல்லைத் தொட வேண்டும். தொட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினால் பல்லின் மேற்பரப்பு. அடுத்து சட்டை, அதற்கடுத்து தொப்புள். ஒவ்வோர் இடத்தையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பல மடங்கு பெரிதாக்கி எடுத்த உண்மையான புகைப்படம் பக்கம் முழுக்க விரிகிறது. அந்தப் படங்களின் மேல் மின்னும், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிரிகளும் கோட்டுச் சித்திரங்களாக நின்று பேசிக்கொள்கிறார்கள். வழவழப்பானது என்று நாம் நினைத்திருந்த பல், மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. சட்டைத்துணியோ தடித்தடியான நார்கள் பின்னிப் பிணைந்து கிடக்கும் இடம்.

இந்தப் புத்தகத்தில் தாள் எதுவும் நகரவில்லை. நகர்ந்தது படிக்கிற குழந்தையின் விரல். புத்தகத்திலிருந்து பல்லுக்கு, பல்லிலிருந்து சட்டைக்கு, சட்டையிலிருந்து தொப்புளுக்கு. படித்து முடிக்கும்போது 'நான்தான் இவர்களை இடம் இடமாகக் கூட்டிப்போனேன்' என்று குழந்தைக்குப் புரிந்துவிடுகிறது. சாப்பிடும் முன் கையைக் கழுவு என்று வீட்டில் தினமும் சொல்கிறார்களே, அதற்குப் பின்னால் இருக்கும் சங்கதி இதுதான்.

எவ்வளவு சின்ன ஆள் இந்த மின் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டர் நீளம். 1 மில்லிமீட்டரில் 1,000 மைக்ரோமீட்டர். அப்படியானால் உங்கள் அளவுகோலில் இருக்கும் மிகச் சிறிய இடைவெளிக்குள் 500 ஈ.கோலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கலாம். நோட்டுத்தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர். அந்தக் கனத்துக்குள்ளேயே 50 பேர் நின்றுவிடுவார்கள். பேனாவால் 1 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு புள்ளி வைத்தால் அதன் மேல் ஏறக்குறைய 4 லட்சம் பேர் நெருக்கிப் படுக்கலாம். கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் கை சுத்தமாக இருக்கிறது என்று ஒரு மூன்று வயதுக் குழந்தை சொன்னால் அதில் அதன் தவறு ஒன்றுமில்லை. பார்க்க முடியாததைப் பார்க்க வைப்பதுதான் இந்த மாதிரிப் புத்தகங்களின் வேலை.

தொட்டு, திறந்து, இழுத்து, சுழற்றிப் படிக்கும் புத்தகங்கள் உலகில் நிறைய உண்டு. நீங்கள் அந்த வயதைத் தாண்டியிருப்பீர்கள். ஆனால் வீட்டில் ஒரு தம்பியோ, தங்கையோ, மாமா மகளோ, பக்கத்து வீட்டுக் குட்டியோ இருப்பார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு புத்தகத்தை நீங்களே செய்ய முடியும். காலண்டர் அட்டை, பழைய சார்ட் பேப்பர், கத்தரிக்கோல், பசை போதும். செய்வதற்கு முன் இது எங்கிருந்து வந்தது, எப்போது பலன் தருகிறது, எப்போது வெறும் விளையாட்டாகப் போய்விடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

புத்தகத்தில் தூக்கித் திறந்து பார்க்கும் தாள் மடல்கள் முதலில் குழந்தைகளுக்காக வரவில்லை. மருத்துவம் படிக்கிறவர்களுக்காக வந்தன. 1543-இல் வெசாலியஸ் என்ற உடற்கூறு அறிஞர், மனித உடலைப் பற்றிய தன் பெரிய நூலோடு, மாணவர்களுக்காக ஒரு சுருக்கப் பதிப்பும் வெளியிட்டார். அதில் உடலுறுப்புகளின் படங்களைத் தனித்தனியாக வெட்டி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்படி தாள்கள் இருந்தன. அதன் பிறகு ஜெர்மனியின் உல்ம் நகரில் மருத்துவராக இருந்த யோகன் ரெம்மெலின் 1619-இல் வெளியிட்ட நூலில் ஆண், பெண் உருவங்கள் இருந்தன. நெஞ்சின் மேலிருக்கும் தாளைத் தூக்கினால் அதற்கடியில் இன்னொரு தாள், அதைத் தூக்கினால் இன்னொன்று என்று உடலுக்குள் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகலாம். எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்கு ஏறக்குறைய 275 ஆண்டுகளுக்கு முன்பு, உடலைத் திறக்காமலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இப்படி ஒரு வழி. தோலுக்கு அடியில் உறுப்பு இருக்கிறது, மடலுக்கு அடியில் படம் இருக்கிறது. உடல் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறதோ அப்படியே தாளும் அடுக்கப்பட்டிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நமக்கு வேண்டும்.

குழந்தைகளுக்கு நல்ல பழக்கம் சொல்லித்தரும் படப்புத்தகங்களின் கதை வேறு மாதிரி தொடங்கியது. 1844 கிறிஸ்துமஸ் சமயம். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஹைன்ரிக் ஹோஃப்மன் என்ற மருத்துவர் தன் மூன்று வயது மகனுக்குப் பரிசாகக் கொடுக்க ஒரு புத்தகம் தேடினார். எதுவும் பிடிக்கவில்லை. வெறும் நோட்டு ஒன்று வாங்கி வந்து தானே எழுதி, படமும் போட்டார். 1845-இல் அது அச்சாகி உலகம் முழுக்கப் புகழ்பெற்றது. அதில் நகம் வெட்டாத, முடி வாராத பையன் ஒருவன் வருகிறான். சூப் வேண்டாம் என்று அடம்பிடிக்கும் இன்னொரு பையன் நாளுக்கு நாள் இளைத்து ஐந்தாம் நாள் இறந்தே போகிறான். விரல் சப்பும் பையனின் கட்டைவிரலைத் தையல்காரர் வந்து பெரிய கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார்! அந்தப் படங்களில் திறமை இருக்கிறது, வேகம் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கும் குழந்தைக்குக் கிடைப்பது பயம் மட்டும். விரலை ஏன் சப்பக் கூடாது என்பதற்கு அங்கே பதில் இல்லை. தையல்காரர் வரமாட்டார் என்று தெரிந்த அன்றைக்கே விரல் மறுபடி வாய்க்குப் போய்விடும்.

இதற்கு நேர் எதிரான புத்தகம் ஒன்று 1969-இல் அமெரிக்காவில் வந்தது. எரிக் கார்ல் வரைந்து எழுதிய, பசி அடங்காத ஒரு கம்பளிப்புழுவின் கதை. காகிதத்தில் ஓட்டை போடும் கருவியால் ஒரு தாள்கட்டைத் துளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு இந்த யோசனை வந்ததாம். புத்தகத்தில் புழு எந்தப் பழத்தைத் தின்கிறதோ அந்தப் பழத்தில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். குழந்தையின் சுண்டுவிரல் அதற்குள் போகும். திங்கட்கிழமை 1 ஆப்பிள், செவ்வாய்க்கிழமை 2 பேரிக்காய் என்று வெள்ளிக்கிழமை 5 ஆரஞ்சு வரை போகிறது. பக்கங்களின் அகலமும் பழங்களோடு சேர்ந்து கூடிக்கொண்டே வருகிறது. சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம், ஊறுகாய், லாலிபாப் என்று பத்து வகைத் தின்பண்டங்களில் ஓட்டை போட்டுவிட்டு, ராத்திரி வயிற்றுவலியில் துடிக்கிறது. மறுநாள் ஒரு பச்சை இலையைத் தின்றதும் சரியாகிவிடுகிறது. அறிவுரை ஒரு வரி கூடக் கிடையாது. இப்படி ஓட்டையும் விதவிதமான அகலமும் உள்ள பக்கங்களைக் கட்டுப்படியாகும் விலையில் அச்சடிக்க அமெரிக்காவில் ஆள் கிடைக்காமல், ஜப்பானில் அச்சடித்தார்கள்.

அதட்டிச் சொல்வது, காரணத்தைக் காட்டுவது என்ற இந்த இரண்டு வழிகளில் எது குழந்தைகளிடம் வேலை செய்கிறது என்பதைச் சொந்த விருப்பத்தை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஹாங்காங்கில் டெர்ரி ஆவ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். முடிவு 2008-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான பாடம்: இதைச் செய், அதைச் செய்யாதே. இன்னொரு பிரிவுக்குக் கிருமிகள் என்பவை உயிருள்ளவை, அவை பெருகும், சூழல் சரியில்லை என்றால் செத்துப்போகும் என்ற உயிரியல் பாடம். பிறகு பிள்ளைகள் கையால் உணவைத் தொட்டு வேலை செய்யும் ஒரு சந்தர்ப்பத்தை ஏற்படுத்தி, யார் தானாகப் போய்க் கை கழுவுகிறார்கள் என்று கவனித்தார்கள். காரணம் தெரிந்த பிள்ளைகள்தான் முந்தினார்கள்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாரா கிரிப்ஷோவரும் எலன் மார்க்மனும் இன்னும் சின்னக் குழந்தைகளிடம், அதாவது பள்ளிக்கே போகாத வயதில் இருப்பவர்களிடம், படப்புத்தகத்தை வைத்தே இதைச் செய்தார்கள். 2013-இல் வெளியான ஆய்வு அது. அவர்கள் உருவாக்கிய ஐந்து சிறு புத்தகங்களும் 'காய்கறி நல்லது' என்ற ஒற்றை வரியோடு நிற்கவில்லை. உணவுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஊட்டச்சத்துகள் இருக்கின்றன, வயிற்றில் உணவு உடையும்போது அவை பிரிகின்றன, இரத்தம் அவற்றை உடல் முழுக்கக் கொண்டுபோகிறது, ஒரே உணவில் எல்லாம் கிடைக்காது என்று படிப்படியாக விளக்கின. நான்கு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் புரியுமா என்று பெரியவர்கள் நினைப்பார்கள். புரிந்தது. அந்தப் புத்தகங்களைப் படித்த குழந்தைகள் சிற்றுண்டி வேளையில் யாரும் சொல்லாமலேயே முன்பைவிட அதிகமாகக் காய்கறி எடுத்துச் சாப்பிட்டார்கள். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நடந்த இன்னோர் ஆய்வில், இரண்டு வயது கூட ஆகாத குழந்தைகளோடு பெற்றோர் தினமும் ஒரு காய்கறியின் படப்புத்தகத்தை இரண்டு வாரம் பார்த்தார்கள். பிறகு தட்டில் அந்தக் காய் வந்தபோது, தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோலக் குழந்தைகள் அதைச் சுவைத்துப் பார்த்தார்கள்.

சின்னவர்களுக்குக் காரணம் எதற்கு, சொன்னதைச் செய்தால் போதாதா என்று யாராவது கேட்டால் இந்த ஆய்வுகளைச் சொல்லுங்கள். குழந்தைக்குக் காரணத்தைச் சொல்வது அதற்கு நாம் தரும் மரியாதை என்பது என் கருத்து.

இனி எச்சரிக்கைப் பகுதி. திறக்க மடலும் இழுக்கப் பட்டையும் வைத்துவிட்டாலே குழந்தை கற்றுக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். சிந்தியா சியாங், ஜூடி டிலோச் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கில எழுத்துகள் கற்றுத்தரும் இரண்டு வகைப் புத்தகங்களை இரண்டரை, மூன்று வயதுக் குழந்தைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று சாதாரணமானது. இன்னொன்றில் இழுக்கவும் திறக்கவும் நிறைய இருந்தன. 2012-இல் வெளியான முடிவின்படி, சாதாரணப் புத்தகத்தைப் படித்தவர்களே அதிக எழுத்துகளைக் கற்றார்கள். மற்ற குழந்தைகளின் கவனமெல்லாம் இழுப்பதிலேயே போய்விட்டது. எழுத்து மறந்துபோனது, மடல் மட்டும் நினைவில் நின்றது. செல்போனிலும் டேப்லெட்டிலும் வரும் கதைப்புத்தகங்களுக்கும் இதே கதிதான். கதையோடு ஒட்டிய அசைவும் ஒலியும் உதவுகின்றன. தொட்டால் தவளை குதிக்கும், மணி அடிக்கும் என்று கதைக்குச் சம்பந்தமில்லாமல் வைத்தவை கவனத்தைத் திருடிக்கொண்டு போய்விடுகின்றன.

அப்படியானால் என்ன செய்ய வேண்டும்? ரெம்மெலினின் தாள்களை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? அங்கே மடலைத் திறப்பதும் உடலுக்குள் பார்ப்பதும் ஒரே செயல். பசிக்காரப் புழுவின் ஓட்டையும் அப்படித்தான், தின்பது என்றால் ஓட்டை விழுவது. மின்னைத் தூக்கிப்போன விரலும் அப்படியே. கையால் செய்கிற வேலையும் தெரிந்துகொள்ள வேண்டிய அறிவியலும் ஒன்றாக இருக்கிற இடத்தில்தான் இந்தப் புத்தகங்கள் ஜெயிக்கின்றன. நீங்கள் புத்தகம் செய்யும்போது ஒவ்வொரு மடலுக்கும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இதைத் திறந்தால் காரணம் தெரிகிறதா? இல்லை என்றால் அந்த மடல் வேண்டாம்.

காரணம் உண்மையாகவும் இருக்க வேண்டும். பல பள்ளிகளில் ஒரு சோதனை செய்து காட்டுவார்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே மிளகுத்தூள் தூவி, சோப்புத் தடவிய விரலை நடுவில் வைத்தால் தூள் நாலாபுறமும் சிதறி ஓடும். 'பார்த்தாயா, சோப்பைக் கண்டால் கிருமி இப்படித்தான் ஓடும்' என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் விளக்கம் தவறு. தூள் ஓடக் காரணம், சோப்பு பட்ட இடத்தில் நீரின் பரப்பு இழுவிசை குறைந்து, சுற்றியிருக்கும் நீர்ப்பரப்பு தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வது. கையிலிருக்கும் கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிருமி பயந்து ஓடிவிடும் என்று நம்பும் குழந்தை, சோப்பைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துவிடும். தேய்க்க வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

இதற்குப் பதிலாக ஒன்று செய்யுங்கள். உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெயும் ஒரு சிட்டிகை காப்பித்தூளும் போட்டு இரண்டு கைகளிலும் பூசிக்கொள்ளுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் காட்டுங்கள். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு போகும், தூள் அங்கேயே இருக்கும். அடுத்து சோப்புப் போட்டு நன்றாகத் தேயுங்கள். எண்ணெயும் தூளும் நுரையோடு சேர்ந்து வந்துவிடும். எங்கே கடைசிவரை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். விரல்நுனி, நகக்கண், கட்டைவிரலைச் சுற்றி, விரலிடுக்கு. கழுவும்போது பெரும்பாலோர் கோட்டைவிடுகிற இடங்களும் இவைதான். குறைந்தது 20 விநாடி தேய்க்கச் சொல்வது இந்த இடங்களுக்கெல்லாம் போய்வர அவ்வளவு நேரம் ஆகும் என்பதால்தான்.

இந்தச் சோதனையைப் பக்கமாக்க மடல் சரிப்படாது, இழுப்புப் பட்டை வேண்டும். சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலை தண்ணீரோடு சேரும், வால் எண்ணெயோடு சேரும். வால்களெல்லாம் எண்ணெய்த்துளிக்குள் குத்திக்கொண்டு நிற்க, தலைகள் வெளியே தண்ணீரைப் பிடித்துக்கொள்ள, தண்ணீர் போகும்போது துளியும் அதிலிருக்கும் அழுக்கும் கிருமியும் கூடவே போகின்றன. தாளில் ஒரு கை வரைந்து, உள்ளங்கையில் இரண்டு கீறல் போடுங்கள். ஒரு நீளமான அட்டைப் பட்டையைப் பின்பக்கமிருந்து ஒரு கீறல் வழியாக முன்னே கொண்டுவந்து இன்னொரு கீறல் வழியாகப் பின்னே அனுப்பி, அதன் முனை தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். பட்டையின் தெரியும் பகுதியில் எண்ணெய்த்துளி, அதைச் சுற்றி சோப்பு வீரர்கள், உள்ளே மாட்டிக்கொண்ட கிருமி. முனையை இழுத்தால் எல்லாம் கூட்டமாக நகர்ந்துபோய், சுத்தமான உள்ளங்கை வரும். சோப்பு செய்வது இழுப்பு வேலை. தம்பியின் கையும் அங்கே இழுக்கிறது.

பல்லுக்கு மடல்தான் சரி. 'விழப்போற பல்லை எதுக்கு விளக்கணும்?' என்று கேட்காத ஆறு வயதுக்காரர் உண்டா? நியாயமான கேள்வி. சிரிக்கும் வாய் ஒன்று பெரிதாக வரையுங்கள். பால்பற்கள் மொத்தம் 20. கீழ்வரிசை முன்பற்கள்தான் பெரும்பாலும் முதலில் விழும். அவற்றை மட்டும் தனி மடல்களாக வெட்டி, மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டுங்கள். பால்பல் மடலைத் தூக்கினால், அடியில் ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகிக்கொண்டு காத்திருக்கும் படம். உண்மையிலேயே தாடைக்குள் அது அங்கேதான் இருக்கிறது. பால்பல் அதற்கு இடம்பிடித்து வைத்திருக்கிறது. பால்பல் சொத்தையாகி, அதன் வேரில் சீழ் பிடித்தால் அடியிலிருக்கும் பல்லுக்கும் கேடு வரலாம். மடலைத் திறந்து பார்த்த குழந்தைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சொத்தை எப்படி வருகிறது என்பதற்கு இன்னொரு மடல் வைக்கலாம். பல்லில் ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்கள் நாம் தின்னும் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளிவிடுகின்றன. அமிலம் எனாமலைக் கரைக்கிறது. நம் உமிழ்நீர் அந்த அமிலத்தைக் குறைத்துப் பல்லைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறது. ஆனால் தூங்கும்போது உமிழ்நீர் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். ராத்திரி படுக்கும் முன் பல் விளக்கச் சொல்வது அதனால்தான். பகலில் நீர் நிறைந்த வாய், மடலைத் திறந்தால் நிலா வெளிச்சத்தில் வறண்ட வாய் என்று வரைந்து பாருங்கள்.

கிருமி பெருகுவதைக் காட்ட எனக்கு மிகப் பிடித்த வழி, ஒட்டவோ வெட்டவோ தேவையில்லாதது. ஒரு தாளை நான்கு முறை பாதி பாதியாக மடியுங்கள். மேலே தெரியும் சிறு கட்டத்தில் ஒரு பாக்டீரியா வரையுங்கள். கடைசி மடிப்பை மட்டும் திறந்தால் வெறுமையான 2 கட்டங்கள் தெரியும். கட்டத்துக்கு ஒன்றாக 2 வரையுங்கள். அடுத்த மடிப்பைத் திறந்தால் 4, அடுத்து 8, கடைசியில் தாள் முழுக்க விரிந்தால் 16. ஒவ்வொரு திறப்பிலும் புதுக் கட்டங்கள்தான் வரும், செய்து பாருங்கள். வெதுவெதுப்பும் சாப்பாடும் தாராளமாக இருந்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகிறது. எல்லா இடத்திலும் இந்த வேகம் இருக்காது, சோதனைக்கூடத்தில் காணும் வேகம் இது. நான்கு திறப்பு என்றால் 80 நிமிடம். 5 மணி நேரத்தில் 15 திறப்பு, 32,768 பேர். சாதாரணத் தாளைக் கையால் ஏழெட்டு முறைக்கு மேல் மடிக்கவே முடியாது என்பதையும் தங்கையை மடிக்கச் சொல்லிக் காட்டுங்கள். மீந்த சாப்பாட்டை வெளியே வைக்காமல் சீக்கிரம் ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்களே, குளிரில் இந்தத் திறப்புகளின் வேகம் வெகுவாகக் குறைந்துவிடும்.

புத்தகம் தயாரானதும் எப்படிப் படித்துக்காட்டுவது? 1988-இல் அமெரிக்காவில் க்ரோவர் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் சில பெற்றோருக்கு ஒரு சின்ன மாற்றத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். வரியை வாசித்துக்கொண்டே போகாமல், 'இங்கே என்ன நடக்குது?', 'இது ஏன் இப்படி இருக்கு?' என்று கேட்டு, குழந்தை சொல்வதை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்திலேயே அந்தக் குழந்தைகளின் பேச்சு மற்றவர்களைவிட வளர்ந்திருந்தது. ஆகவே மடலைத் திறக்கும் முன் நிறுத்துங்கள். 'உள்ளே என்ன இருக்கும்னு நினைக்கிற?' என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். சொல்லட்டும், திறக்கட்டும், தானே பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும். உங்களுக்கு அவசரம் என்றால் அன்றைக்குப் படிக்காமலிருப்பதே நல்லது.

கடைசியாக ஒரு சுழல்தட்டு. இதற்கான விஷயம் கொஞ்சம் கூச்சமானது, ஆனால் நம் பிள்ளைகளுக்கு ரொம்பத் தேவையானது: கீரிப்பூச்சி. பள்ளியில் உங்களுக்கெல்லாம் பூச்சி மாத்திரை கொடுத்து வாயில் போட்டுக் கடித்துச் சாப்பிடச் சொல்லியிருப்பார்கள். குடற்புழு நீக்க நாள் என்று இந்தியாவில் 2015-இல் சில மாநிலங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க நடக்கிறது. மாத்திரையின் பெயர் ஆல்பெண்டசோல். கீரிப்பூச்சி வெள்ளை நூல்துண்டு மாதிரி, 1 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பெண் பூச்சி ராத்திரியில் ஆசனவாய்க்கு வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அரிக்கும். தூக்கத்தில் குழந்தை சொறியும். முட்டைகள் நகக்கண்ணில் ஏறும். சில மணி நேரத்திலேயே அவை தொற்றும் நிலைக்கு வந்துவிடும். காலையில் விரல் வாய்க்குப் போனால் முட்டையும் போகும், குடலில் பொரியும், வளர்ந்து ஒரு மாதத்தில் மறுபடி முட்டை. மாத்திரை பூச்சியைக் கொல்லும், ஆனால் முட்டைகளை அது அழித்துவிடும் என்று நம்ப முடியாது. நகத்தில் முட்டை இருந்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அதனால்தான் மருத்துவர்கள் இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை மருந்தும், பல சமயம் வீட்டிலிருப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்தும் தருகிறார்கள்.

இது வட்டமாகச் சுற்றும் கதை, தட்டும் வட்டமாகச் சுற்றட்டும். காலண்டர் அட்டையில் சுமார் 15 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, நான்காகப் பிரித்து நான்கு படம் வரையுங்கள்: வாயில் விரல், குடலில் பூச்சி, ராத்திரியில் சொறியும் குழந்தை, நகக்கண்ணில் முட்டை. புத்தகத்தின் பக்கத்தில் ஒரு படம் மட்டும் தெரியும்படி ஒரு சன்னல் வெட்டி, தட்டைப் பின்னால் வையுங்கள். நடுவில் துளை போட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சட்டைப் பொத்தான் வைத்து நூலால் தைத்துவிட்டால் தட்டு வழுக்கிக்கொண்டு சுற்றும். அதன் விளிம்பு பக்கத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், சின்ன விரல் பிடித்துச் சுழற்றுவதற்கு.

சின்னவர் சுழற்றிக்கொண்டே இருப்பார், நிற்கவே நிற்காது. இப்போது தட்டின் விளிம்பில், நகம் படம் சன்னலில் தெரியும் நிலையில், ஒரு சிறு வெட்டு போடுங்கள். தனியாக ஒரு அட்டைத்துண்டில் நகவெட்டி வரைந்து, அதை நூலில் கட்டிப் புத்தகத்திலேயே தொங்கவிடுங்கள். 'இது நிக்கணும்னா எங்கே செருகுவே?' என்று கேட்டுவிட்டுப் பேசாமலிருங்கள். நகம் வரும் வரை சுழற்றி, வெட்டுக்குள் துண்டைச் செருகினால் தட்டு சிக்கிக்கொண்டு அசையாது. ஒரு துண்டு போதாது என்று தோன்றினால் சோப்பு வரைந்த இன்னொன்றையும் கட்டுங்கள், வாயில் விரல் வைக்கும் படத்துக்கு அருகிலும் ஒரு வெட்டுக்கு இடமிருக்கிறது.